சீருடை இல்லாத கண்கள்

"ஒரு படத்த எத்தன நேரம் பாக்கோணும்?" என்று தங்கமணியின் மகள் ஒருமுறை கேட்டாள். டெங்குவில் அவள் மருத்துவமனையில் கிடந்த ஒன்பது நாளும், விடுப்புக் கிடைக்காத தாய்க்குப் பதிலாகக் கூட இருந்து கஞ்சி புகட்டிய ஓவியர் நஸ்ரினிடம்தான் கேட்டாள். நஸ்ரினுக்கு விடை தெரியவில்லை.

அறக்கட்டளைக்குத் தெரிந்திருந்தது. நஸ்ரினுக்குப் பட்டறையும் மாதப்படியும் அது கொடுக்கும். பதிலுக்கு, ஓவியக் கூடத்தில் தொங்கும் அவள் படத்தைப் பார்வையாளர்களின் கண்கள் ஆண்டுக்கு நூறு மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். சுவரில் இருந்த கருவி கணக்கு வைத்தது. இன்று கடைசி நாள். காலையிலிருந்து மழை, ஒருவரும் வரவில்லை.

"இன்னும் எத்தனைங்க?" என்றாள் கூடத்துக் காவலரான தங்கமணி.

"பதிமூணு நிமிசம்க்கா. அஞ்சு மணிக்குள்ள ஆகலீன்னா பட்டறையக் காலி பண்ணோணும்."

"நாம் பாத்தா ஆகாதா?"

"சீருடை போட்ட கண்ணு சேராதாம். அதுவுமில்லாம, வருசம் பூரா எம்படத்துக்கு முதுகத்தான காட்டறீங்க."

காவலர்கள் சனங்களைப் பார்த்தே நிற்க வேண்டும் என்பது விதி. நஸ்ரின் சிரிக்க முயன்று, முடியாமல், சாமான்களைக் கட்டப் போய்விட்டாள்.

நாலரைக்குத் தங்கமணி விடுப்பு எழுதிக் கொடுத்தாள். சேலைக்கு மாறி, வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு காலியான கூடத்துக்குள் வந்தாள். முருகனை நினைத்துக்கொண்டு படத்தின் முன் நின்றாள். கண்ணில் நீர் கட்டியது. துடைத்தால் கணக்கு நின்றுவிடுமோ என்று வழிய விட்டாள். கருவியில் நூறு விழுந்ததும், பின்வாசல் வழியே இறங்கி, மழையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.