வாத்தியாரின் புது வண்டி

"வாத்தியாரை குரூப்பிலிருந்து தூக்கிட்டேன்" என்றான் மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

ஷெட்டில் இருந்தவர்கள் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

ஞாயிறு காலையானால் பழைய கார் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் கூடுவார்கள். அந்தச் சபைக்கே தலைவர் மாதிரி இருந்தவர் இயற்பியல் வாத்தியார். தெருமுனையில் இன்ஜின் சத்தம் கேட்டாலே எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவார். அவர்தான் இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்.

"வாங்கட்டும். நாளைக்கு நாமளும்தான் வாங்கப்போறோம்" என்றார் பல் டாக்டர். "அதுக்காக முப்பது வருஷம் ஓட்டின வண்டியைப் பழைய இரும்புக்கடையில கொண்டுபோய்ப் போடுவாங்களா? நான் விலைக்குக் கேட்டேனே."

"காசே வேண்டாம், நான் சரி பண்ணித் தர்றேன்னு சொன்னேன். ஏழு மாசமா பூட்டி வெச்சிருந்தார். பக்கத்துல போகவே விடல" என்றான் மெக்கானிக்.

"தூங்கினது அவர், தண்டனை வண்டிக்கு" என்றார் போட்டோக்காரர்.

ஏழு மாதங்களுக்கு முன்னால் அந்த வண்டி ஒரு மரத்தில் மோதியது. ஓட்டிய வாத்தியாருக்குச் சிராய்ப்போடு போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "கண் அசந்துட்டேன்" என்றார் வாத்தியார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மெக்கானிக் அவரைப் பிடி பிடியென்று பிடித்தான். இருபது வருஷப் பழக்கம், உரிமையோடு திட்டினான். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை.

இன்ஜினையாவது காப்பாற்றலாம் என்று மறுநாள் காலை அவன் பழைய இரும்புக்கடைக்குப் போனான்.

"இன்ஜினைத் தாராளமா எடுத்துக்கோங்க, அதைப் பத்தி வாத்தியார் ஒண்ணும் சொல்லல" என்றார் கடைக்காரர். "முன்சக்கரத்துப் பக்கம் இருக்கிறதை மட்டும் உடனே நசுக்கிடணும், ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னார். அன்னிக்கு மெஷின் ரிப்பேர். சரி சரின்னு தலையாட்டி அனுப்பிட்டேன். இன்னும் அப்படியேதான் கிடக்கு."

மெக்கானிக் குனிந்து பார்த்தான்.

சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் ராடு, சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கியது. முறியவில்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய நட்டைக் காணோம். அந்த நட்டு தானாகக் கழலாமல் இருக்க, குறுக்கே ஒரு சின்னப் பின் குத்த வேண்டும். பின் குத்தி அது உடைந்திருந்தால், துண்டாவது ஓட்டைக்குள் சிக்கியிருக்கும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தான். ஓட்டை சுத்தமாக இருந்தது.

பின் குத்தவே இல்லை.

விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் அந்த ராடை மாற்றியது அவன்தான். நட்டை முறுக்கிவிட்டுப் பின்னை எடுக்கத் திரும்பியபோது போன் அடித்தது. அப்பா போய்விட்டார் என்று தம்பி அழுதான். ஜாக்கை இறக்கி, சாவியை வாத்தியார் கையில் திணித்துவிட்டு அப்படியே ஓடினான்.

இன்ஜினை எடுக்காமலே நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனான்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. முன்வாசலில் புது வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க தம்பி."

அவன் படியிலேயே நின்றான். அவர் ஊன்றியிருந்த கோலைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கு வாத்தியார் கண் அசரல."

"தெரியும்" என்றார் அவர்.

"எப்போலேர்ந்து?"

"வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்த அன்னிக்கே அடியில படுத்துப் பார்த்துட்டார். ஆஸ்பத்திரியில எனக்கு முழிப்பு வந்ததும் சொன்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே அண்ணி. நான் அவரை என்னவெல்லாம் பேசினேன்."

"அப்பாவைப் பறிகொடுத்துட்டு வந்து நின்னீங்க. அப்போ போய் இதை எப்படித் தம்பி சொல்றது? ஒத்தி வெச்சோம். அப்புறம் சொல்ல மனசு வரல."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். அவரும் அவசரப்படுத்தாமல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வெச்சுக்கிட்டுச் சொல்லிடறேன்" என்றான் கடைசியில். "நான் கை வெச்ச அத்தனை வண்டியையும் திரும்ப ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடறேன்."

"சொல்லுங்க. உங்களுக்கும் பாரம் குறையும்."

எழுந்து நாலடி போனவன் புது வண்டியின் அருகில் நின்று திரும்பினான்.

"ஒண்ணு மட்டும் கேட்கிறேன் அண்ணி. பெட்ரோல் வாசனை இல்லாட்டி பொழுதே போகாத மனுஷன். ஏன் போய் இதை வாங்கினார்?"

"அவருக்கு இஷ்டமே இல்ல தம்பி. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்" என்றார் அவர். "பெட்ரோல் வண்டின்னா உங்ககிட்டதான் விடணும். விட்டா அதுல ஏற எனக்குப் பயம். வேற ஷெட்டுல விட்டா, என்ன தப்பு பண்ணினோம்னு நீங்க தேட ஆரம்பிச்சிடுவீங்க. அதான், கம்பெனிக்காரங்க மட்டுமே கை வைக்கிற வண்டியா பார்த்து வாங்கச் சொன்னேன்."