காய்ச்சிய பால் பட்டி

காய்ச்சிய பால் குடித்த நான்கு கன்றுகளில் மூன்றாவதும் அன்று விடியற்காலையில் செத்துப்போனது. மேலே போர்த்திய சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் கால்களைப் பார்த்ததும் மாட்டு டாக்டர் வெங்கடகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிர்ப் பட்டியில் பச்சைப் பால் குடித்த நான்கும் வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளின.

மடிநோய் கண்ட மாட்டின் பாலை விற்க முடியாது. அல்சூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் அதை அப்படியே கன்றுகளுக்கு ஊற்றிவிடுவார்கள். கழிச்சல் கண்டு கன்றுகள் சாகும். "காய்ச்சிக் கொடுங்கோ, பொழைக்கும்" என்று டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பண்ணைக்காரர்களைத் தவிர யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1958 மார்கழியில்தான் கோவிந்தப்பா தன் பண்ணையில் இடம் கொடுத்தார். "நிரூபிச்சுக் காட்டுங்க சார். நீங்க சொல்றது நிஜம்னா நாங்க எல்லாருமே காய்ச்சறோம்."

எட்டுக் கன்றுகள். டாக்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டு நான்கு நான்காகப் பிரித்தார். ஒரு பட்டிக்கு முந்தின மாலை எடுத்துவைத்த பால், ஆறிப்போனபடியே, பச்சையாக. மற்றதற்கு அதே பால், காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில். ஊட்டுகிற வேலை பண்ணையாள் எல்லம்மாவுடையது.

மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து டாக்டர் வருவதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள். ஒருநாள் மட்டும் சற்று முன்னதாக வந்துவிட்டார். பச்சைப் பால் பட்டியில் செவலைக் கன்று வாளியிலிருந்து தலையை எடுத்தது. பால் சொட்டிய அதன் மூக்கைச் சுற்றி ஆவி பறந்தது. என்ன பனி இது என்று ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் அடுத்த பட்டிக்குப் போனார். அங்கே முதல் கன்றுக்குக் கழிச்சல் தொடங்கியிருந்தது.

மாத்திரை கொடுத்தார். பாத்திரத்தை மாற்றச் சொன்னார். இன்னும் நன்றாகக் கொதிக்கட்டும் என்றார். எல்லாவற்றுக்கும் எல்லம்மா தலையாட்டினாள். ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. இப்போது மூன்று.

"போதும் சார்" என்றார் பின்னால் வந்து நின்ற கோவிந்தப்பா.

"இன்னும் ஒரே ஒரு வாரம்…"

"பேடா சார், வேண்டாம். நேத்து பால்காரங்க கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க பேச்சைக் கேட்டு ரெண்டு பண்ணையில காய்ச்சிட்டிருந்தாங்களே, அவங்களும் நிறுத்திட்டாங்க. உங்க மேல கோபமில்ல. கண்ணால பாத்துட்டோமே, வேற என்ன பண்றது?"

டாக்டரும் கண்ணால்தானே பார்த்தார்.

பட்டிக்குள் எல்லம்மா நாலாவது கன்றை மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாயில் விரலால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. டாக்டர் அவளருகே சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லம்மா, இதுகளை நான்தான் கொன்னுட்டேன். காய்ச்சச் சொல்லாம இருந்திருந்தா பொழைச்சிருக்கும்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்." அவள் கன்றின் வாயைத் துடைத்துவிட்டாள். "அந்தச் செவலைக்குப் பொறந்தன்னிக்கே தாய் செத்துப்போச்சு. என் மடியிலதான் வளந்துச்சு. சீட்டுல அது பச்சைப் பால் பக்கம் விழுந்துடிச்சு."

"அதுக்கென்ன இப்போ?"

மடியிலிருந்த கன்றின் கழுத்து தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லம்மா அதன் கண்களை மூடிவிட்டாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"மொத நாள்லேருந்தே ரெண்டு பட்டி வாளியையும் மாத்தித்தான் வெச்சேன் சார்."