சன்னலோர டம்ளர்

இலவச அரிசி யாருக்கு என்பதை இப்போதெல்லாம் ஞாயிறு மாலை டிவி பார்ப்பவர்கள்தான் ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்கிறார்கள். அன்று மேடையேறியவள் வத்சலா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பொற்கொடி.

“வேலை செய்யிற வீட்ல எப்படி நடத்துறாங்க?” என்று கேட்டார் தொகுப்பாளர்.

“வத்சலாக்கா தங்கமானவங்க. ஒரு குறையும் வெச்சதில்ல. அவங்க குடிக்கிற டம்ளர்லயே எனக்கும் காபி குடுப்பாங்க.”

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வத்சலாவுக்குச் சுருக்கென்றது. பொற்கொடியின் டம்ளர் சமையலறைச் சன்னலில் தனியாகக் கவிழ்ந்திருந்தது.

அரங்கம் கைதட்டியது. ஒரு குறையும் இல்லாதவளுக்கு அரிசி எதற்கு என்று ஓட்டு மளமளவெனச் சரிந்தது. வத்சலாவின் செல்போனில் நிகழ்ச்சியிலிருந்து கேள்வி வந்து நின்றது: ‘இவர் சொன்னது உண்மையா?’ இல்லை என்று அழுத்தினால் பொற்கொடிக்கு மறுவாய்ப்பு கிடைக்கும். ஆனால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். அதற்குள் பக்கத்து ஃபிளாட் பெண்களின் பாராட்டுகள் வந்து குவிந்தன. வத்சலா ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

மறுநாள் காலை, அரிசியை இழந்த பொற்கொடி வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

“உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்க்கா அப்படிச் சொன்னேன்.”

வத்சலா தலை நிமிராமல், தான் குடிக்கும் டம்ளரை எடுத்து அதில் காபியை ஊற்றப் போனாள்.

“விடுங்கக்கா, இங்கதான் யாரும் பாக்கலையே” என்று பொற்கொடி சன்னலிலிருந்து தன் டம்ளரை எடுத்து நீட்டினாள்.