குளம் தேய்க்கிறவர்

“இன்னிக்கும் அதே நாத்தம்,” என்று வாயில் விட்ட தண்ணீரைக் கிணற்றடியிலேயே துப்பினாள் ஞானாம்பிகை. யாரால் வந்த நாற்றம் என்று அவளைக் கேட்க வேண்டியதில்லை. பங்களாவில் கண்ட மருந்தையும் கலக்கிவிட்டு அதே கையோடு வந்து கயிற்றைத் தொடுகிற விஸ்வலிங்கத்தால்தான்.

பினாங்கை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரன் ஒருவனின் கடற்கரை பங்களாவில் இப்போது ஜப்பான் அதிகாரி குடியிருந்தான். அவன் நீந்துகிற குளத்தைக் கழுவுவதுதான் விஸ்வலிங்கத்தின் உத்தியோகம். இருபது வருஷம் தண்ணீர் இலாகாவில் கோட்டும் டையுமாகக் கிளார்க் வேலை பார்த்த மனுஷன், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பாசி சுரண்டப் போகிறார். த்தூ.

அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? பங்களாவில் குளத்துக்கென்று ஒரு பீப்பாய் குளோரின் பவுடர் இருந்ததாம். அது ஈரம் பட்டுக் கெட்டுப்போய்விட்டதென்று அதிகாரி முன்னால் போய் நின்றாராம். அன்றைக்கு வாங்கிய அறையில் கன்னம் நாலு நாள் வீங்கிக் கிடந்தது, சந்தே பார்த்துச் சிரித்தது. இந்தச் சேதியைக் கொண்டுவந்ததும் ஞானாம்பிகைதான். அவள் காதில் விழுந்தது எதுவும் மீனுக்கு முந்திப் பசாருக்குப் போய்விடும்.

குளோரின் இல்லாமலே குளத்தைச் சுத்தமாக வைத்துக் காட்டுவதாக அவர் அதிகாரியிடம் வாக்குக் கொடுத்தார். நூர் முகம்மது கடையில் மயில்துத்தம் கேட்டு நின்றார், படிகாரம் கேட்டு நின்றார். மூன்று நாளைக்கு ஒரு தடவை குளத்தை இறைத்து, சுண்ணாம்பு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தார். கூடை கூடையாக உப்பைக் கொட்டினார். சொந்தச் சந்தில் சாக்கடை அடைத்துக் கிடந்தபோது குனியாத முதுகு அது.

சுற்றுவட்டாரமெல்லாம் டைபாய்டு. குண்டு விழுந்ததிலிருந்து குழாயில் தண்ணீர் வருவதில்லை, எல்லாருக்கும் கிணறுதான். பக்கத்துச் சந்தில் ஒரே வாரத்தில் மூன்று பிணம் போனது. இந்தச் சந்தில் மட்டும் ஒரு குழந்தைக்குக்கூட உடம்பு சுடவில்லை.

எல்லாம் நம்முடைய சுத்தபத்தம் என்று ஞானாம்பிகை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். குளிக்காமல் எவரும் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது என்று இங்கே அப்பன் காலத்திலிருந்து ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை வைத்துத்தான் விஸ்வலிங்கத்தை விலக்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல எல்லாருக்கும் முந்தி வாளியோடு வந்தவரைக் கிணற்றடியில் மறித்தாள். அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ஜப்பான்காரன் அழுக்கில் முங்கின கை எத்தனை தடவை குளித்தாலும் சுத்தமாகாது, இனிமேல் இந்தக் கயிற்றில் படக் கூடாது என்றாள். அவரை அண்ணே என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

வேறு யாராவதாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இந்த மானங்கெட்ட மனுஷன் கெஞ்சினார்.

“காலையில ஒரே ஒரு வாளி, தங்கச்சி. அதுக்கப்புறம் நாள் பூரா இந்தப் பக்கமே வர மாட்டேன்லா.”

“அங்க ஒரு குளமே இருக்கே. அதுல போய்க் குடிங்க.”

பெண்கள் சிரித்தார்கள். விஸ்வலிங்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கடைசியில், அப்படியானால் எல்லாரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு பொங்கவே விறகு இல்லை, இதில் குடிதண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா? அதுவும் நம்முடைய கிணறு அழுக்கென்று இந்த ஆளா சொல்வது? வாளியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். நசுங்கிப்போன வாளியைப் பொறுக்கிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நடந்து போனார் விஸ்வலிங்கம்.

இரண்டே நாளில் தண்ணீரில் நாற்றம் போய்விட்டது. நான் சொன்னேனா இல்லையா என்று ஞானாம்பிகை வீடு வீடாகக் கேட்டாள். அவளுடைய ஏழு வயது மகள் நவமணி அன்றைக்கு ஒரு செம்பு தண்ணீரைக் கூடுதலாகக் குடித்தாள்.

மூன்றாவது வாரம் நவமணிக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த நாள் எதிர்வீட்டில், அதற்கடுத்த நாள் கோடி வீட்டில். பிள்ளை பாயில் கிடந்து நினைவில்லாமல் பிதற்ற, ஞானாம்பிகை ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் ஐயாத்துரையைக் கையோடு இழுத்து வந்தாள். போன மாதம் இந்த வட்டாரத்துக் கிணறுகளையெல்லாம் பார்த்துப் போனவர் அவர்தான்.

ஐயாத்துரை பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். டைபாய்டுதான், இதற்கு மருந்தென்று ஒன்றும் கிடையாது, கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது அவள் உடம்பில் இருக்கிற தெம்பு என்றார். ஞானாம்பிகை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் அந்தக் குளம் தேய்க்கிறவன் நம்முடைய கிணற்றில் வைத்துவிட்டுப் போன தீட்டு என்றாள்.

ஐயாத்துரை நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு இழுத்தார். ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“போன மாசம் வந்தப்ப இதுல குளோரின் வாசனை கும்முனு அடிச்சது. பினாங்குலயே கிடைக்காத பவுடரு. யாரோ புண்ணியவான் தலைய அடகு வச்சுக் கொண்டாந்து போடுறாரு, நம்மளால அவருக்கு ஆபத்து வேணாம்னுதான் வாயத் தெறக்காமப் போனேன்.”

கையில் இருந்த தண்ணீரைக் கீழே உதறிவிட்டு, கூடி நின்ற பெண்களைப் பார்த்தார்.

“அவர நிறுத்துனது யாரு?”