தானே ஓடும் மவுஸ்

நாற்காலி காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அம்புக்குறி போய் ஒரு விண்டோவைத் திறந்தது, மேலும் கீழும் உருட்டியது, மூடியது, அடுத்ததைத் திறந்தது.

மனைவி மவுஸைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அம்புக்குறி அவளைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்கு ஓடியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே வராதா? வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இந்தத் துரைக்காக அவள் பகலில் மிக்சி போடுவதில்லை. குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். கண் கூசுகிறது என்று அவன் மேசையைத் திருப்பி, திரை வாசலைப் பார்க்கும்படி போட்டான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் நுனிக்காலில்தான் நடந்தாள்.

பால்கனியில் போனும் கையுமாக நின்ற கணவன் உள்ளே வந்தான். மவுஸ் அவள் கையில் இருப்பதைப் பார்த்துத் திருட்டு முழி முழித்தான்.

"என்னங்க இது?"

"ஸ்கிரிப்ட். நான்தான் எழுதினேன். அதுவே மவுஸை நகர்த்தும், விண்டோவைத் திறந்து மூடும்."

"அதாவது, நீங்க உக்காந்து வேலை செய்யற மாதிரி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சம்பளம் குடுக்கறவனை ஏமாத்த வெட்கமா இல்ல? அவங்க கண்டுபிடிச்சு வேலையை விட்டுத் தூக்கினா, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் நடுத்தெருவுல நிக்கறதா?"

"கொஞ்சம் மெதுவா பேசு."

"இத்தனை நாள் மெதுவாத்தானே பேசினேன்? பிள்ளைங்க சிரிச்சாக்கூட வாயைப் பொத்தினேன். எதுக்கு? நீங்க பால்கனியில காத்து வாங்கறதுக்கா?"

மவுஸை மேசையில் பொத்தென்று போட்டாள். அதே வேகத்தில் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"உங்க மேனேஜர் நம்பர் எது? அவரா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். கால்ல விழுந்தாவது உங்க வேலையைக் காப்பாத்தறேன்."

அவன் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

"அவங்க என்னை போன மாசமே அனுப்பிட்டாங்க. அது நீ பார்க்கறதுக்காகத்தான் ஓடுது."