ஒரு மூச்சுத் தையல்

தீவைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கு ஈடாகப் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்து, வகுப்பும் வைத்தார்கள். சேதுராணி, பாறையில் பாசி பறிக்கப் போகிறவள்போல விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் மெஷினில் உட்காருவாள். மூச்சை இழுத்துப் பிடித்துத் தைப்பாள். ஓரம் முடிந்ததும் சீழ்க்கைபோல மூச்சை விட்டுவிட்டுப் பக்கத்து மெஷினைப் பார்ப்பாள். கடலில் இரண்டிரண்டு பேராகத்தான் முங்குவார்கள். முதலில் ஏறியவள், மற்றவள் தலை தெரியும்வரை நகரமாட்டாள். அவளோடு முங்குகிறவள் அண்ணன் மனைவி குருவம்மா. பக்கத்து மெஷின் அவளுடையது. உறைகூடப் பிரிக்கவில்லை.

"பாசிக்கு ஒரே ஒரு நட போயிட்டு வந்துருவோம், வாறியா?" என்று மெஷின் வந்த அன்றே குருவம்மா கேட்டாள்.

"கேஸ் போட்ருவாங்க மதினி."

குருவம்மா தனியாகப் போனாள். பதினோரு நாளாகிறது, கரை ஏறவில்லை.

இன்று டீச்சர் ஒரு நீளமான திரைச்சீலையைக் கொடுத்தாள். பாதி தாண்டும்போதே சேதுராணியின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மெஷினை மிதிக்கிற கால் நிற்கவில்லை.

"மூச்ச விடுங்கக்கா! இங்க என்ன தண்ணியா கெடக்கு?" என்றாள் டீச்சர்.

சேதுராணி வாயைத் திறக்கவில்லை. துணி சுற்றிய விரலை உயர்த்தி, பொறு என்பதுபோல, பிரிக்காத அந்த மெஷினைக் காட்டினாள்.