மேற்குச் சுவர்

பீரோவை நகர்த்தும்போதே அவருக்கு வாடை அடித்துவிட்டது.

நனைந்த சாக்கின் வாடை. நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்த மனுஷனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மேற்குச் சுவர் பூராவும் கறுப்பு. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூசணம் ஏறியிருந்தது. சந்தன நிறப் பெயின்ட் அங்கங்கே கொப்புளித்து நின்றது.

மகள் உலகம்மாள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பையிலிருந்து ஈரம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். முனையில் இரண்டு ஊசிகள். சுவரில் குத்தினார். அது கத்தியது.

ஓர் அடி மேலே குத்தினார்.

கத்தியது.

வெளியே சாரல். தென்காசியில் ஆடி மாதம் அப்படித்தான். வானம் ஒரேயடியாக அழுது தீர்க்காது, நாள் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கும்.

கருவி ஓய்ந்த நேரத்தில் கூடத்திலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. பேரன் திருமலை மூச்சு விடும் சத்தம். மூன்று வயது. படுத்தால் முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். மார்கழியில் தொடங்கிய இழுப்பு. போன வாரம் டாக்டர்தான் கேட்டார், வீடு புதுசா என்று.

புதுசுதான். போன வருஷம் ஆனியில் பால் காய்ச்சியது. ஒற்றை மகளுக்காக அவரே நின்று கட்டியது.

"ஈரம் காயிறதுக்கு முன்னாடியே பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சிருக்காங்க," என்றார் இன்ஜினியர். "உள்ள உள்ள ஈரம் எப்படிப் போகும்? காஞ்சிட்டுன்னு யாரு சொன்னது?"

கொத்தனார் தரையைப் பார்த்தார்.

"பெயின்டரு சுடலைதான் சார்," என்றாள் உலகம்மாள். "அவசரப்பட்டு அடிச்சிட்டுப் போயிட்டான். எங்கப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உள்ளங்கைய வச்சே சொல்லியிருப்பாவ. அவியளுக்கு மிஷினெல்லாம் வேண்டாம்."

அன்றைக்கும் உள்ளங்கையைத்தான் வைத்தார்.

பால் காய்ச்ச எட்டு நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் அவரும் சுடலையும் மட்டும். "இன்னும் ஒரு மாசம் போட்டும் கொத்தனாரே, செவரு சில்லுன்னு இருக்கு," என்றான் சுடலை. பட்டித் தகட்டை அவன் கையில் எடுக்கவே இல்லை.

ஒரு மாசம் என்றால் ஆடி. ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள். ஆவணி வரைக்கும் மகள் மாமியார் வீட்டில் கிடக்க வேண்டும். அடுப்படியை ஒட்டிப் பாயை விரித்து, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு, தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டு.

கையை வைத்தார்.

விடிகாலையில் கிணற்றுக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கை சரியாகத்தான் சொன்னது.

"காஞ்சிட்டு. அடி," என்றார்.

ஊரில் எத்தனை பேரைக் காக்க வைத்திருப்பார். சுவர் காயாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று எத்தனை பேரிடம் கறாராகப் பேசியிருப்பார். பெற்ற மகள் வீட்டுக்கு அதே வாய் கூசாமல் புளுகியது.

சுடலை மறுபேச்சுப் பேசவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்தத் தெருவில் இப்போது அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. எதிரே பார்த்தால் அவர்தான் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்ஜினியர் கருவியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"செங்கல் தெரிய பூச்சை உடைச்சு எடுத்திருங்க. மழையெல்லாம் வெறிச்சு நல்லாக் காயணும். தை ஆயிரும். அதுவரைக்கும் பிள்ளைய இங்க வச்சிருக்காதீங்க."

"எங்க சார் கொண்டு போக?" என்றாள் உலகம்மாள்.

கேட்டபின் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. மாமியார் வீட்டை விட்டால் பக்கத்தில் வேறு போக்கிடம் ஏது. அப்பாவின் வீடு ஓட்டு வீடு, இந்தச் சாரலில் நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்.

இன்ஜினியர் போய்விட்டார்.

கூடத்தில் பிள்ளை இருமினான். விடாமல் இருமினான். அவள் ஓடினாள். அவரும் பின்னால் போனார்.

"யப்பா, இங்க வாங்களேன்."

அவர் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் மார்பில் வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம் தேவலைலா? நீங்க சொல்லுங்க."

உள்ளங்கைக்குக் கீழே சின்ன எலும்புகள் ஏறி இறங்கின. உள்ளே எதுவோ கரகரவென்று அறுத்துக்கொண்டிருந்தது. நேற்றுக்கு இன்று மோசம்.

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள்.



"காயல தாயி," என்றார்.

"என்னது?"

"அன்னைக்குச் செவரு காயல. சுடலை வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

பிள்ளை மறுபடி இருமினான்.

உலகம்மாள் அவர் கையைப் பிள்ளையின் மார்பிலிருந்து எடுத்து, அவர் மடியில் வைத்தாள்.

அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள்.